ரிப்போர்ட் நன்றாக வந்த நாள்

இன்று காலை படப்பை லேபில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். ஊசி குத்திய இடத்தில் ஸ்பிரிட் பஞ்சை வைத்து அழுத்தினாள் லேப் பெண். அந்த வாடையில் நீதான் வந்து நின்றாய். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் உன்மேல் எனக்கு ஆறவில்லையடி.

தொண்ணூற்றொன்றில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் லைனில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். உனக்கு மூட்டுவாதம். விரல் வீக்கத்தையாவது நாலு பேர் பார்த்தார்கள், உன் அசதியை யார் பார்த்தார்கள்? பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே ஒரு ஷிப்ட் முடித்தவள் போல இருப்பாய். "தூங்கி எழுந்தாலும் தூங்காத மாரியே கீதுக்கா" என்பாய். சூப்பர்வைசர் அதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

கெஞ்சிக் கூத்தாடி, உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் வேலை கேட்டோம். இரத்தத்தில் அழற்சி தெரிந்தால் நாற்காலிக்கு எழுதித் தருகிறேன் என்றார் கம்பெனி டாக்டர். பத்து நாளில் பரிசோதனை.

நீ என்ன செய்தாய்? வீக்கத்தை வற்றவைக்கும் மாத்திரையைப் பத்து நாளும் இரண்டிரண்டாக விழுங்கினாய். "மோசமா வந்தா வூட்டுக்கே அனுப்சிடுவாங்கக்கா" என்று பயம். கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்த புத்திசாலி நான்.

எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. "பாஸாயிட்டேன்க்கா!" என்று டாக்டர் அறை வாசலில் குதித்தாய். குதித்ததில் மூச்சிரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாய். அடி பைத்தியமே, ஃபெயிலானால்தானே நாற்காலி!

உள்ளே போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார். சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "கூடவே நிக்கிறீங்களே, நீங்க சொல்லுங்கம்மா. எப்படி இருக்காங்க?" என்றார்.

மாத்திரை விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். மதியம் சோற்றைப் பிசையத் தெம்பில்லாமல் டிபன் பாக்ஸை மூடிவிடுவாயே, அதையாவது சொல்லியிருக்கலாம். நீ பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாய்.

"நல்லாத்தான் கீறா சார்" என்றேன்.

மறுநாளும் லைனில் நின்றாய். மழைக்காலம் வரை நின்றாய். பிறகு ஒரு காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்க உன்னிடம் தெம்பு மிச்சமில்லை.

டாக்டருக்கு நான் சொன்ன பதிலை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். உன் இரத்தம் பொய் சொன்னதற்காவது மாத்திரை காரணம். நான் எதையும் விழுங்கியிருக்கவில்லை.