சந்துருவின் பாதி மாத்திரை

மைசூர்
8.7.1996

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்ரீதேவி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் மங்களூர் கட்டட வேலைக்குப் போனபின் இங்கே நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். அம்மா சொல்வதை மட்டும் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

தம்பி சந்துருவின் வலிப்பு மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் மறுபடியும் இல்லை. கையில் கொஞ்சம்தான் இருக்கிறது. மருந்து கொடுக்கும் லிங்கப்பன், "போன வருஷம் எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவுதான் இந்த வருஷம் கேக்கலாம், பாப்பா" என்றார். போன வருஷம் பாதி நாள் மாத்திரையே வரவில்லையே என்றேன். "அதான் இந்த வருஷம் இன்னும் கம்மி. நீ கணக்கு டீச்சராப் போயிரு" என்று சிரித்தார்.

வெளிக்கடைகளில் இதை வைப்பதில்லை. மலிவான மருந்தில் லாபமில்லையாம். அவர்கள் காட்டும் வேறு மாத்திரை நமக்குக் கட்டுப்படியாகாது. மாவட்ட அதிகாரிக்குக் கன்னடத்தில் மனு எழுதிப் போட்டிருக்கிறேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

மழையில் நனைந்து வேலை செய்யாதீர்கள் என்கிறாள் அம்மா.

அன்பு மகள்,
ஸ்ரீதேவி


மங்களூர்
15.7.96

அம்மிணி ஸ்ரீதேவிக்கு அப்பன் காளியப்பன் எழுதிக்கிறது.

கடுதாசி கெடச்சுது. மேஸ்திரி லீவு தரமாட்டேங்கறான். மனுவுக்கெல்லாம் எவன் பதில் போடுவான், நீ படிப்பப் பாரு. இருக்கற மாத்திரைய அம்மாவப் பாதி பாதியா ஒடச்சுக் குடுக்கச் சொல்லு. நம்ம ஊரு ராமாபுரத்துல காய்ச்சல் மாத்திரைய அப்படித்தான் குடுப்போம், ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. பையன அடுப்புக்கிட்ட விடாதீங்க.

காளியப்பன்


மைசூர்
6.8.1996

அப்பாவுக்கு,

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. அந்த மாத்திரைக்குத் தேவை எதுவும் பதிவாகவில்லை, ஆகவே தட்டுப்பாடு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். லிங்கப்பனிடம் காட்டினேன். "மருந்து இல்லாத நாள்ல நாங்க டாக்டர் சீட்டையே வாங்கறதில்ல, பாப்பா. எங்கிருந்து பதிவாகும்?" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி பாதி பாதியாகக் கொடுத்தோம். நேற்றுக் காலை சந்துருவுக்கு வலிப்பு வந்தது. ஒன்று விடுவதற்குள் அடுத்தது வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கண்ணைத் திறக்கிறான், ஆனால் எங்களை அடையாளம் தெரியவில்லை. இனித் தெரியுமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா.

"மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னது யாரு?" என்று அவர் அதட்டினார்.

"நாந்தானுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

உங்கள் கடிதம் என் புத்தகப் பையில்தான் இருந்தது. நான் வெளியே எடுக்கவில்லை.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உங்களை வரச்சொல்லி எழுதவும் அவள் சொல்லவில்லை. வார்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

ஸ்ரீதேவி