மழை வரலாம் என்று முத்திரையிட்ட ஓலை

நலமே நிலவுக. அன்னையின் அருள் எங்கும் நிறைக.

"மழை வேண்டாம்னு சொல்றவங்க நம்ம நாட்டுல யாராச்சும் இருக்காங்களா அம்மா?" என்று ஒரு குழந்தை முன்பொரு நாள் கேட்டது. கேட்டவர் இளவரசி தேனம்மை. "ஒருவரும் இல்லை கண்ணே" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு, அந்தக் கேள்வியை அன்றே மறந்துபோன தாய், ஏரி சூழ்ந்த மணவை நகரில் வீற்றிருந்து செங்கோல் செலுத்துபவரும், மலைமேல் அன்னையின் அடித்தொண்டருமாகிய அரசியார் திருநிலை நாச்சியார். அவர், கடலையும் கழியையும் காவல் கொண்ட உவர்க்கரை ஊரின் அளத்தலைவர் எழினியப்பருக்கும், அவ்வூர் உப்பளங்களில் உழைக்கும் ஆண் பெண் அனைவருக்கும் விடுக்கும் ஓலை இது.

உங்கள் பாத்திகளில் உப்பு வெண்மையாக விளையட்டும். உங்கள் கழிகளில் நீர் வற்றாதிருக்கட்டும். சித்திரை வெயிலில் உவர்நீரில் நின்று உழைக்கும் உங்கள் பாதங்கள் புண்ணின்றி இருக்கட்டும். இவ்வாழ்த்தை எழுதச் சொன்னபோது, வாழ்த்துவதற்குரிய முகம் தமக்கு இன்று உண்டா என்று அரசியார் நினைத்திருக்க வேண்டும். ஆயினும் வாழ்த்தின்றி ஓலை தொடங்குவது முறையன்று என்பதால் எழுதப்பட்டது.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அது நடந்த வகையை அறியமாட்டீர்கள். அதை மறைக்காமல் எழுதும்படி ஆணை.

மணவை அரண்மனையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முத்திரையிட்டுச் செல்லும் ஓலையில் ஐயத்துக்கு இடமான சொல் எதுவும் இருக்கலாகாது. அரசு சொன்னால் உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லையேல் சொல்லாதிருக்க வேண்டும் என்று முன்னோர் வகுத்தார்கள். வரிக்கும் வழக்குக்கும் எல்லைக்கும் அது நல்ல வழக்கமே. வானத்துக்கு அது பொருந்துமா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வாரந்தோறும் ஊர்களுக்குச் செல்லும் வானிலை ஓலையிலும் அதே முறை நின்றுவிட்டது.

சென்ற வாரம் அன்னையின் திருக்கல்யாணம். பெரும்பந்தல் போட மணவையில் கீற்றுப் போதவில்லை. உப்புக் குவியல்களை மூடுவதற்காக உவர்க்கரையில் முடைந்து அடுக்கியிருந்த கீற்றுகளை இரவலாகக் கேட்கலாம் என்று பந்தல் அதிகாரிகள் சொன்னார்கள். மழை வருமா என்று அறிய அரசியார் வான்கணியர் விடங்கரை அழைத்தார். வானத்தைப் பார்த்தே நரைத்த விடங்கர் கைகூப்பி, மேற்கே மின்னல் முகம் தெரிவதாகவும், மழை வரலாம், வராமலும் போகலாம் என்றும், இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்லத் தமக்கு வாய் வரவில்லை என்றும் விண்ணப்பித்தார்.

அரசியார் பந்தலை நினைத்தார். வெளிநாட்டு விருந்தினரை நினைத்தார். "வராமலும் போகலாம்" என்ற பாதியை மட்டும் செவி வாங்கிக்கொண்டது. ஓலையில் ஐயச்சொல் கூடாது என்ற வழக்கம் மற்றப் பாதியை வெட்டிப் போட வசதியாக இருந்தது. "இவ்வாரம் மழையில்லை, கீற்றுகளை அனுப்புக" என்று ஓலை எழுதி முத்திரையிடப்பட்டது. நீங்கள் ஒரு சொல்லும் கேளாமல் வண்டிகளை நிரப்பி அனுப்பினீர்கள். பந்தலைக் கட்டித் தர ஆட்களையும் உடன் அனுப்பினீர்கள்.

திருநாண் பூட்டும் நேரத்தில் மேற்கிலிருந்து மேகம் வந்தது. காற்று பந்தலைத் தூக்கியது. உவர்க்கரை ஆட்கள் கம்பங்களில் ஏறிக் கீற்றுகளின் மேல் படுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மேகம் அடுத்து எங்கே போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் ஊர் வெண்ணியம்மையின் மகன் கொற்றன் உச்சிக் கம்பத்திலிருந்து கத்தியதைக் கீழே அமர்ந்திருந்த அரசியார் தம் காதால் கேட்டார்: "டேய், பிடிய விட்டுறாதீங்கடா! நம்ம உப்புத்தான் போச்சு, ஆத்தா கல்யாணமாவது நனையாம நடக்கட்டும்!"

கல்யாணம் நனையாமல் நடந்தது. அரசியாரின் பட்டில் ஒரு துளி விழவில்லை. மாலைக்குள் அந்த மழை கிழக்கே நகர்ந்து, மூடாமல் கிடந்த உங்கள் குவியல்களின் மேல் பெய்தது. கோடை தொடங்கியது முதல் வாரிச் சேர்த்த உப்பு கழிக்கே திரும்பிப் போயிற்று. பறக்கவிருந்த கடைசிக் கீற்றைப் பிடித்தபடி விழுந்த கொற்றனின் கால் முறிந்தது.

செய்தி அறிந்துவர அரசியார் அனுப்பிய தூதர் திரும்பி வந்து, நீங்கள் மனம் வருந்தியிருப்பதாகப் பணிவாகச் சொன்னார். நீங்கள் சொன்ன சொல்லையே சொல்லும்படி அரசியார் கேட்டார். தூதர் தயங்கித் தயங்கிச் சொன்னவற்றை இங்கே எழுதுவதன் காரணம், அவை அரண்மனையில் கேட்கப்பட்டன என்று நீங்கள் அறிய வேண்டும் என்பதே. அளத்தலைவர் எழினியப்பர், "போனது போச்சுங்க, வானத்துக்கு யாரு வேலி போடறது?" என்றாராம். வெண்ணியம்மை அவரை விலக்கிவிட்டு முன்னே வந்து, "வேலி போட வேணாம்யா, மூட வேணும். எங்களுக்கு எழுதுன ஓலை போதும் போதும்னு ஆச்சு. இனி முடைஞ்ச ஓலைய அனுப்பச் சொல்லு. இன்னொரு தடவ முத்திர போட்டு வந்துச்சுன்னா அடுப்புல வச்சுக் கஞ்சி காச்சிருவேன், ஆமா!" என்றாராம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம். அத்தனை இழப்புக்கு நடுவிலும் அவர்களால் சிரிக்க முடிந்ததே என்று சொல்லி அரசியார் கண் கலங்கினார்.

மறுநாள் அவர் வைத்தியசாலைக்குச் சென்று கொற்றனைக் கண்டார். வேண்டுவது என்ன என்று கேட்டார். "காலு கெடக்கட்டும் தாயி. இந்த வாரம் வானம் எப்படின்னு பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. மழைக்கு அப்புறம் எங்காத்தா ஒண்டியா மறுபடி வாரி வச்சிருக்கும். மூட ஆளு இல்ல. இதுவும் கரைஞ்சா ஐப்பசி கார்த்திகைக்கு அரிசி மாத்த உப்பு இல்ல" என்று அவன் சொன்னான். தன் தாயைப் பற்றியே பேசினானாயினும், ஊர் முழுவதற்கும் நிலை அதுவே என்பது அரசியாருக்கு விளங்கிற்று.

ஆகவே விடங்கர் மீண்டும் அழைக்கப்பட்டார். இம்முறை அவர் சொன்னது முழுவதும் கேட்கப்பட்டது. "வரலாம்" என்ற சொல்லை எழுதினால், அரசிக்கே தெரியவில்லை என்று மக்கள் எண்ணுவர் என ஓலைநாயகர் தடுத்துரைத்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியதால் ஓர் ஊரின் உப்பு போயிற்று என்று அரசியார் மறுமொழி தந்தார்.

இனி வரும் வாரத்தின் வானம்.

நாளையும் மறுநாளும் மேல்காற்று வறண்டு வீசும், வெயில் கடுமையாக இருக்கும். இதில் விடங்கருக்கு ஐயமில்லை. உப்பு வாருவதற்கு ஏற்ற நாட்கள் அவை. நண்பகலில் மட்டும் பாத்தியில் இறங்க வேண்டாம். மூன்றாம் நாள் கடற்காற்று பிந்தி வரும், புழுக்கம் மிகும், மாலையில் மேற்கே மேகம் திரளலாம். இடி கேட்டாலும் மழை உங்களை எட்டாமல் போகக்கூடும். நான்காம் நாள் பிற்பகலில் மழை வரும் என்றே விடங்கர் பெரிதும் எண்ணுகிறார், ஆனால் ஆணையிட்டுச் சொல்லவில்லை. வந்தால் பலத்த காற்றோடு வரும், நெடுநேரம் நில்லாது. மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மாடுகளையும் பனைகளின் அடியில் கட்டாதீர்கள். அதற்கடுத்த நாள் தூறலாம், தூறாமலும் இருக்கலாம், அதைப்பற்றி அவருக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. வாரத்தின் கடைசியில் வானம் வெளுத்து மீண்டும் வெயில் காயும் என்று நம்புகிறார். ஐயம் உள்ள இடமெல்லாம் ஐயமென்றே எழுதப்பட்டிருக்கிறது. ஐயமுள்ள நாளில் குவியலை மூடிவைப்பது நலம். மழை வராமற்போனால் மூடிய உழைப்பு மட்டுமே வீண், அதற்காக விடங்கரை ஏசலாம், அவர் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இம்மழையை நிறுத்தும்படி அன்னையிடம் வேண்டலாகாதா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அரசியார் சந்நிதியில் நின்று வேண்டத்தான் வாய் திறந்தார். மேட்டுநிலத்தில் எள்ளும் கம்பும் வாடிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் தட்டை விலக்கச் சொல்லித் தாயிடம் எப்படிக் கேட்பது? உப்பை மூடும் கைகளும் உழும் கைகளும் சோராதிருக்கட்டும் என்று மட்டும் வேண்டித் திரும்பினார்.

இனி ஆணை.

இந்நாள் முதல் வானிலை ஓலையில் வான்கணியர் சொன்னது சொன்னபடியே எழுதப்படும். ஐயச்சொல்லை நீக்குவோர் அப்பணியிலிருந்து நீக்கப்படுவர். சித்திரை தொடங்கிக் கோடை முடியும்வரை உவர்க்கரைக் கீற்றுகளை எவ்விழாவுக்கும் இரவல் கேட்கலாகாது, அரசியே கேட்டாலும் கொடுக்கலாகாது. பந்தலில் நின்ற கீற்றுகள் அனைத்தும் அவிழ்க்கப்பட்டு, கிழிந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை முடைந்து சேர்க்கப்பட்டு, உங்கள் அளத்தின் வடக்கு வரப்பில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. முரசு அறையப்படவில்லை. ஒப்படைப்புச் சடங்கும் இல்லை. பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு எதுவும் வேண்டியதில்லை. கரைந்த உப்புக்கு ஈடாக நெற்களஞ்சியம் உங்களுக்குத் திறந்திருக்கும், ஆனால் அது இழப்பை ஈடுசெய்யும் என்று இவ்வோலை கூறவில்லை. கொற்றன் கால் ஊன்றி நடக்கும்வரை மணவையில் இருப்பான். நாள்தோறும் கஞ்சியில் உப்புக் குறைவு என்று சமையலாளரோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறான். இதை அவன் தாய்க்குச் சொல்லுக.

மற்றொன்று. வெயில் உச்சிக்கு ஏறியதும் உங்கள் ஊர் முழுவதும் வீடு திரும்பிவிடும், அளத்தில் ஆள் நடமாட்டம் இராது. இன்று அவ்வேளையில் தெற்குக் கோடியில் உள்ள வெண்ணியம்மையின் குவியல் கீற்றால் மூடப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டது. கட்டியவர்களைக் கண்டவர் இல்லை, அவர்களைத் தேடவும் வேண்டாம். முடிச்சு உங்கள் முடிச்சுப்போல் உறுதியாக இராது. அந்தத் தொழிலில் பழக்கமில்லாத கைகள் போட்டது. நான்காம் நாளுக்குள் வெண்ணியம்மை அதைச் சரிபார்த்து இறுக்கிக்கொள்க.

உவர்க்கரைக்கு வடக்கே புன்னை நிழலில், வண்டி நின்ற இடத்தில், அரசியார் சொல்ல ஓலை எழுதும் நாகையன் எழுதியது. முத்திரையிட்ட கையில் கீற்று கிழித்த கீறல்கள் இருந்தமையால் முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்துள்ளது. அதையும் செல்லத்தக்கதாகக் கொள்க.