வீட்டில் பேசும் மொழி

இன்று காலை முதல் வகுப்புச் சேர்க்கை. படிவத்தில் ஏழாவது வரி, 'வீட்டில் பேசும் மொழி'. ஒரு தகப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியிலேயே நின்றுவிட்டார். பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "இங்கிலீஷ்னு போட்டுடட்டுமா மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல. தமிழ் என்றே போடுங்கள், வீட்டில் தமிழே பேசுங்கள், வாய் வலிக்கிற வரைக்கும் பேசுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து மேசை டீச்சர் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் பயந்துபோய் 'தமிழ்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னைப் பள்ளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வராந்தாவைக் கூட்டித் துடைத்து, சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வருகிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு 'ஆயாம்மா'தான். நீ என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் உன்னை 'நீ' என்றேன், நீ என்னை 'நீங்க' என்றாய், யாருக்கும் அது உறுத்தவில்லை. இந்தக் கடிதத்தையாவது 'நீங்கள்' என்று எழுதலாம் என்று தொடங்கினேன். மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

உன் மகள் என் வகுப்பில் சேர்ந்த நாள் நினைவிருக்கிறது. அன்று நீ வராந்தாவின் ஒரே இடத்தை எத்தனை முறை துடைத்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிர். கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். உன் மகள் வாயே திறக்கவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது, வருகைப் பதிவுக்கு 'பிரசன்ட் மிஸ்' என்பது தவிர அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. கண் மட்டும் பலகைக்கும் என் வாய்க்குமாக அலைந்துகொண்டிருக்கும்.

புது மொழி காதில் விழுகிற காலத்தில் குழந்தை இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பொறுமை கிடையாது. ஆகஸ்ட்டில் உன்னைக் கூப்பிட்டு, வைத்தியர் பத்தியம் சொல்கிற தோரணையில் சொன்னேன்: வீட்டில் முழுக்கத் தமிழ் பேசுவதுதான் கோளாறு, இனிமேல் அவளிடம் தமிழே பேசாதே, இங்கிலீஷ் மட்டும்தான். உனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும் என்று கேட்டாய். தெரிந்ததைப் பேசு என்றேன்.

நீ அதை அப்படியே செய்தாய். வேறு யாராவது என்றால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்திருப்பார்கள்.

உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் இந்த மைன்ஸ் டவுன்ஷிப் கொடுத்தது. ஒரு வாரம் கழித்துப் பெருமையாக வந்து ஒப்பித்தாய். காலையில் அவளை எழுப்ப 'ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்'. சோற்றுத் தட்டை வைத்தால் 'கேன்டீன்'. பல் தேய்க்காமல் ஓடினால் 'கேட் பாஸ் கேன்சல்'. படுக்கப் போகச் சொல்ல 'டூட்டி ஓவர்'. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் போய் எல்லாருக்கும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்தாய். அந்தச் சொற்கள் தீர்ந்தபிறகு வீட்டில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் அவள் வாய் திறந்தது. ஒரு மழை நாளில் 'மிஸ், மை அம்ப்ரெல்லா இஸ் கிரையிங்' என்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது அவளாகவே கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் நான் வெளியே வந்து உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? பார்த்தாயா, என் பேச்சைக் கேட்டதற்குப் பலன் தெரிகிறது, விட்டுவிடாதே என்றேன். உன் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த மாதங்களில் நீ என்னிடம் பேசிய பேச்சு கொஞ்சமா? பள்ளி விட்டபிறகு நான் நோட்டுத் திருத்துவேன், நீ வகுப்பைப் பெருக்கிக்கொண்டே பேசுவாய். கம்மாபுரம் பக்கம் உன் அம்மா வீடு, மைன்ஸுக்குப் போன நிலம், பக்கத்து வீட்டுக்காரியோடு கோழிக்காக நடந்த சண்டை, எல்லாம். எனக்குப் பாதி காதில் விழும், பாதி விழாது. ஒருநாள், பிப்ரவரி என்று நினைக்கிறேன், இவ்வளவு பேசுகிறாயே, வீட்டில் கேட்க ஆளில்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாய். "வூட்ல பாப்பாகிட்ட தமிழ் பேசக்கூடாதுன்னு சொன்னீங்களே மிஸ். அது வேற மொகத்தையே பாத்துக்கினு இருக்கும். எனக்கு வார்த்த வராது. வாய மூடிக்கினு வேலய பாக்கறன். அதான் உங்களாண்ட வந்து கொட்டிக்கிறன்."

என் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றுவிட்டது. அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது தப்பு, இன்றைக்கே வீட்டுக்குப் போய் அவளோடு பேசு என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சொல்ல வெட்கமாக இருந்தது. தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு மாசந்தானே, லீவுல ரெண்டு பேரும் நல்லா பேசிக்கோங்க" என்றேன். நீயும் சரி மிஸ் என்று குனிந்து பெருக்கத் தொடங்கினாய்.

லீவு விட்ட பிறகும் ஏப்ரல் கடைசி வரை உனக்குப் பள்ளியில் சுத்தம் செய்யும் வேலை இருந்தது. மே முதல் வாரம் காய்ச்சல் என்று படுத்தாய். கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டு, நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். நாளைக்கு நீ இல்லை.

ஜூனில் உன் வீட்டுக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டார். இரண்டாம் வகுப்பு, வேறு டீச்சர். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றதும் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், எங்கம்மா உங்ககிட்ட இன்னா பேசும்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சேர வேண்டியதெல்லாம் என்னிடம்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒன்று சொல்லத் தொடங்கினேன். அவள் பிறந்தபோது அழவில்லை, நர்ஸம்மா தட்டிய பிறகுதான் வாய் திறந்தாள், அதற்குள் நீ அழுது ஊரைக் கூட்டிவிட்டாய் என்று ஒருநாள். மைன்ஸ் தோண்டியதில் உன் அம்மா வீட்டுக் கிணறு இருந்த இடத்தில் இப்போது ஆகாயம்தான் இருக்கிறது என்று நீ சொன்னதை ஒருநாள். கோழிச் சண்டையை மட்டும் நான்கு முறை கேட்டாள். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள், மணி அடித்ததும் டப்பாவை மூடிக்கொண்டு போய்விடுவாள். நீ பேசும்போது பாதியைக் காதில் வாங்காமல் விட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பாதிக்காக இந்த ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் இப்போது எல்லாம் மாற்றிவிட்டேன். படத்தைக் காட்டினால் முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் சொல்லலாம், பிறகு இரண்டு பேருமாக இங்கிலீஷில் முயன்று பார்க்கலாம். வாய் திறக்காத பிள்ளையை யாரும் நோண்டுவதில்லை. வீட்டிலிருந்து ஒரு கதை கேட்டுவந்து தமிழிலேயே சொன்னாலும் எனக்குச் சரி. கதை கைவசம் உள்ள பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. ஹெச்.எம். ஒருமுறை என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் கிளாஸ் சார் என்றேன். இதெல்லாம் உன்னிடம் சொல்லி நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதவில்லை. உனக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை எனக்குச் சரக்குத் தீர்ந்துபோனது. அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் ஒன்றை இட்டுக்கட்டினேன். 'என் மகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வருவாள்' என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் மெல்வதை நிறுத்தினாள். "எங்கம்மா இப்டி பேசாது மிஸ்" என்றாள். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு, கழுத்தை உன் மாதிரியே ஒரு வெட்டு வெட்டி, "ந்தா, படிச்சிக்கினு கெட. நான் ஒல வச்சிட்டு வரேன். எழுந்த, கால ஒடச்சிருவன்" என்றாள்.

நீதான் நின்றாய். அந்தக் 'கினு', அந்த இழுப்பு, கோபத்துக்கு அடியில் இருக்கிற செல்லம், ஒன்றும் குறையவில்லை. நான் தடை போடுவதற்கு முன்னால் ஆறு வருஷம் நீ பேசியதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. என் பொய்யை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்தது அதனால்தான். எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தது. பலகையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

பெரியவளானதும் உன்னை அவள் இப்படியே பேசிக் காட்டுவாள். அதில் அவளுடைய ஏழாவது வயது மட்டும் இருக்காது. உன் மொகத்தையே பார்த்துக்கொண்டு அவளும், வார்த்தை வராமல் நீயும் இருந்த அந்த ஒரு வருஷத்தை நான் எந்தச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொல்வது? அது என்னிடம்தான் இருக்கிறது.