அண்ணன் திறக்கும் மடை

13 ஜூன் 1947
சாரல் பிடித்துவிட்டது. தொழுவத்துக் கூரை ஒழுகுகிறது. வேயச் சொன்ன ஆள் இன்னும் வந்தபாடில்லை. பேப்பரில் ஒரு விசேஷம். ஆகஸ்டில் வெள்ளைக்காரன் போனதும் திருவாங்கூர் இந்தியாவோடு சேராதாம், தனி நாடாம், திவான் அறிவித்திருக்கிறார். என் பிறந்த வீடு செங்கோட்டை, திருவாங்கூர் சீமை; வாழ்க்கைப்பட்ட தென்காசி வெள்ளைக்காரன் சீமை. இனி தென்காசியிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனால் வெளிநாட்டுப் பயணமா? சிரிப்புத்தான் வந்தது.

17 ஜூன்
சிரிப்பு போய்விட்டது. வக்கீல் காந்திமதிநாதன், என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர், குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார்.

"வெள்ளைக்காரன் சமஸ்தானத்தோட போட்ட உடன்படிக்கையெல்லாம் அவனோட போயிரும். சுங்கம், ரயிலு, தண்ணி, எல்லாம் புதுசாப் பேசணும். ஒங்க வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

அண்ணன் குளத்திலிருந்து. குளம் எல்லைக்கு அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம்.

"எழுத்துல இருக்கா?"

எழுத்து எதற்கு? என் கல்யாணத்தன்று அண்ணன் வாயால் சொன்னது. ஆடிப் பதினெட்டு அன்று மண்வெட்டியோடு அவரே போய் மடையை வெட்டிவிடுவார். தண்ணீர் கூடவே வரப்பில் நடந்து என் வயல்வரை வருவார். பிறகு என் வீட்டில் சாப்பாடு. மற்றவர்களுக்கு ஆடிச்சீர் தட்டில் வரும், எனக்கு வாய்க்காலில் வரும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வருஷம் தவறியதில்லை.

25 ஜூன்
அந்த வயலை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து கொழுந்தன்மார் கண்ணெல்லாம் அதன்மேல்தான். தண்ணீர் நின்றால் ஆடு மேய்க்கத்தான் ஆகும். அண்ணன் நிறுத்த மாட்டார். அண்ணன் மாட்டார் — அந்த நாட்டு அரசாங்கம்? அண்ணனுக்குப் பிறகு அவர் பிள்ளைகள்?

3 ஜூலை
வருஷா வருஷம் எனக்குத் தண்ணீர் விடுவதாக அண்ணன் எழுதித் தரவேண்டிய பத்திரத்துக்கு வக்கீல் நகல் எழுதிக் கொடுத்துவிட்டார். வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

8 ஜூலை
செங்கோட்டை போய் வந்தேன். அண்ணன் பால்வண்ணநாதன் நகலை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"ஏட்டி வடிவு, இது யாரு யோசனை?"

"வக்கீல் சொன்னாரு. நாடு பிரியப்போவுதுல்லா அண்ணே."

"நாடு பிரிஞ்சா நாம பிரிஞ்சிருவமா?"

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் அழுது, நகலை அடுப்பில் போட்டிருப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வா, கச்சேரி மூடுததுக்குள்ள போவோம்."

ரிஜிஸ்தர் கச்சேரியில் குமாஸ்தா கேட்டான், எழுதி வாங்குகிறவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லைக்கு அந்தப் பக்கத்து வயக்காரின்னு எழுதும்."

குமாஸ்தா சிரித்தான். வண்டியில் வரும்போது பத்திரம் மடியில் கிடந்தது. இனி பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வீடு வரும்வரை அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

20 ஜூலை
அண்ணி ஆவுடைத்தாயை ஐந்தருவியில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் சொன்னாள். சாரலுக்கு வந்தால் என் வீட்டில் சாப்பிடாமல் அண்ணி போனதே கிடையாது.

31 ஜூலை
மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டாராம். திருவாங்கூர் பிரியாது, தனி நாடும் இல்லை. ஒன்றரை மாதம் என்னை ஆட்டிவைத்த பேய் பேப்பரில் நாலு வரியில் செத்துப்போனது. வக்கீலிடம் ஓடினேன். "நல்லதாப் போச்சு. பத்திரம் பாட்டுக்கு இருக்கட்டும், அது என்ன சோறா கேக்குது?" என்றார்.

அவருக்கு என்ன, விலகிப் போவது அவர் அண்ணனா?

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு
காலையிலேயே புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு எல்லாம் கிண்டி வைத்துவிட்டு வரப்பில் போய் நின்றேன். தண்ணீர் வந்தது. கூட நடந்து வந்தது மடைக்காரன் இசக்கி.

"எங்க அண்ணன் வரலியா?"

"பத்திரத்துல உள்ளபடி தொறந்தாச்சுன்னு சொல்லச் சொன்னாவ, அம்மா."

இசக்கிக்கு இலை போட்டேன். நன்றாகச் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை. பாவி, ஒறவ நானே வெட்டிக்கிட்டேனே. யாரைக் குத்தஞ் சொல்ல?

15 ஆகஸ்ட்
ஊரெல்லாம் கொடியும் மிட்டாயும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு செங்கோட்டை போனேன். எல்லைச் சுங்கச் சாவடியில் எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். அண்ணன் குளத்தங்கரையில் நின்றிருந்தார்.

"இதக் கிழிச்சிருதேன் அண்ணே."

"ரிஜிஸ்தர் ஆனதுல்லா. நீ கிழிச்சாலும் கச்சேரில இருக்கும்."

"அப்ப ரத்து பண்ணிருவோம். நாளைக்கே வாரேன்."

அவர் மடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தண்ணி ஒழுங்கா வருதுல்லா? பெறகு என்ன. வெயில் ஏறுது, வீட்டுக்குப் போய்க் காப்பி குடிச்சிட்டுப் போ."

அவர் கூட வரவில்லை. வீட்டில் அண்ணி முகம் கோணாமல் வரவேற்று, பாய் விரித்து உட்காரச் சொன்னாள். காப்பிக்குக் கருப்பட்டி போடவா, சீனி போடவா என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை.

திரும்பும்போது வண்டியை முன்னே போகச் சொல்லிவிட்டு, வாய்க்கால் ஓரமாகவே நடந்து வந்தேன். தண்ணீர் நிறைய ஓடுகிறது. நடவு பச்சை பிடித்துவிட்டது. பயிருக்கு ஒரு குறையும் இல்லை.