எலுமிச்சை செத்தது யாரால்?

என்னங்க,

தோட்டத்துப் பக்கம் பார்த்து நடங்கள். எலுமிச்சை பட்டுப்போன இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, விடிந்ததும் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். "தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்க"ன்னு நான் சொன்னதிலிருந்து மூன்று நாளாக நீங்கள் உம்மென்று இருக்கிறீர்கள். சரி, மண்ணையே கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். நல்ல மண்ணாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் பாதியாவது உறிஞ்சிவிடுமாம். நர்சரிக்காரர் சொன்னார். அவர் பத்து மணிக்குப் புதுக் கன்றோடு வருகிறார். பின்கதவுச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. சாப்பாடு அடுப்படியில், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு.: செருப்பு மாட்டிய பிறகும் மனசு கேட்காமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். மணி எட்டு. தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை! மண்ணை உருட்டினால் பாம்பு மாதிரி நீள்கிறது. சுத்தக் களிமண். பாவம், வேர் அழுகித்தான் செத்திருக்கிறது. நீங்கள் அளவாகத்தான் ஊற்றியிருக்கிறீர்கள். என் வாய்தான் அளவில்லாமல் பேசிவிட்டது. மன்னிச்சிடுங்க.

இன்னொன்று: குழியில் நட வேண்டாம், மேடு கட்டி நடச் சொல்லுங்கள். இந்தக் கன்றுக்கும் நீங்களேதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் வாயே திறக்க மாட்டேன்.

ஒரு வாரத்துக்கு.