எட்டு ஒயரும் ஒரு சணலும்

நேற்று கூட்டேரிப்பட்டு டீக்கடை வாசலில் ஒரு சிவப்புக் கார் இருமிக்கொண்டே வந்து நின்றது. எட்டு சிலிண்டர் என்பது சத்தத்திலேயே தெரிந்தது; அதில் ஒன்று மக்கர் செய்வதும் தெரிந்தது. ஓட்டி வந்த இளைஞர் கைக்குள் அடங்கும் ஒரு கருவியை எங்கோ செருகிப் பார்த்துவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், தாத்தா" என்றார். அவ்வளவுதான், டீ ஆறிப்போகும்வரை உன் நினைப்பாகவே இருந்தேன்.

புதுச்சேரியை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் இப்படியொரு எட்டு சிலிண்டர் காரைத்தான் திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்காரர் வாங்கினார். நான் அதற்கு டிரைவர். விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் பட்டறை வைத்திருந்த நீ மெக்கானிக்.

உன் சுத்தம் ஊரறிந்த சங்கதி. ஸ்பேனரைத் துடைத்து மாட்டாமல் சோற்றில் கை வைக்க மாட்டாய். முதல் சர்வீஸ் அன்று எட்டு பிளக் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, மெழுகு தேய்த்த சணலால் நெருக்கிக் கட்டி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். "பாத்தியா, பூக்காரி கூட இப்டிக் கட்ட மாட்டா!" நானும் மெச்சினேன். எனக்கு என்ன தெரியும்?

அடுத்த வாரம் மயிலம் பக்கத்து மேட்டில் கார் திணறியது. சும்மா நின்றால் ஒழுங்காக ஓடும். மேடு ஏறினால் படபடவென்று வெடிக்கும். முதலாளி பின்சீட்டிலிருந்தே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "பெட்ரோல வித்துட்டு கெரசின் கலக்கினியா? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா சாவிய வெச்சிட்டுக் கெளம்பு."

திருட்டுப் பட்டத்தோடு வெளியே வந்தால் வேறு எந்த முதலாளி என் கையில் சாவி கொடுப்பார்? வீட்டில் மூன்று பிள்ளைகள். காலையில் உன் பட்டறைக்கு வந்து, முதலாளி சொன்னதைச் சொல்லிச் சாவியை நீட்டினேன்.

முதலில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றினாய். சில்லென்று ஆவியாகிப் போனது, பிசுபிசுப்பே இல்லை. "கெரசின் இல்லடா. நீ போய் இட்லி துன்னு" என்றாய். பிளக்கை மாற்றினாய், பாயிண்டைத் தேய்த்தாய், கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினாய். மேடு ஏறும் பாரம் வரட்டுமென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, கியரில் போட்டு முறுக்கச் சொன்னாய். வெடிப்பு அப்படியே இருந்தது. மத்தியானம், பானெட்டுக்குள் குனிந்திருந்த நீ சட்டென்று நிமிர்ந்தாய். சணலை அறுத்து ஒயர்களைத் தள்ளித் தள்ளி வைத்தாய். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. மறுபடி சேர்த்துக் கட்டினாய், வெடித்தது. ஒயர்கள் ஒட்டிக் கிடந்ததால் ஒன்றின் கரண்ட் பக்கத்து ஒயருக்குத் தாவி, அந்த சிலிண்டரை முறை வருமுன்பே கொளுத்திவிட்டிருக்கிறது. உன் முகம் செத்துப்போயிற்று.

"பிளக் போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றது நான்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"பிளக்குன்னா அவரு நம்ப மாட்டாரு. உம்மேல சந்தேகம் ஒட்டிக்கினே இருக்கும். ஜல்தியா வண்டிய எடு."

மண்டி வாசலில், கடலை மூட்டை தூக்குகிறவர்கள், வியாபாரிகள் எல்லார் முன்னாலும் பானெட்டைத் திறந்தாய். என்னை அதேபோல முறுக்கச் சொல்லி, நீயே கட்டி வெடிக்க வைத்தாய். நீயே அறுத்து ஓட வைத்தாய். "அழகா இருக்கட்டும்னு நான் கட்டினதுங்க, மொதலாளி. தப்பு என்னுது. இவன் கை சுத்தங்க."

முதலாளி அறுந்த சணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுப்பா" என்றார்.

அன்றிலிருந்து உனக்குச் 'சணல் மெக்கானிக்' என்று பேராகிவிட்டது. பஸ்காரர்கள் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் கத்திவிட்டுப் போவார்கள். "பேஜாராப் பூடுச்சுடா" என்று சிரிப்பாயே தவிர, ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றுகூட ஒருவர், "சணல் மெக்கானிக் பூட்டாராமே" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு பெருமையாக இருந்தது. அவரை நிறுத்தி, அந்தப் பேர் எப்படி வந்தது என்று, நான் சொல்லச் சொன்ன பொய்யையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன்.

நேற்று அந்த இளைஞர் கிளம்பும்போது, "நீங்களும் டிரைவரா தாத்தா?" என்று கேட்டார். கடைக்காரர் முந்திக்கொண்டார்: "நாப்பது வருஷம் ஓட்டினாரு. கை சுத்தமான மனுசன்."

நீ அன்று மண்டி வாசலில் சொன்ன அதே வார்த்தை. அது நீ வாங்கிக் கொடுத்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆறிப்போன டீயைத் தலை குனிந்து குடித்தேன்.