ஏழாம் பெட்டுக்கு எதுவும் வேணாம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வார்டு பொறுப்பு என்னுடையது. காலையில் ஷிஃப்ட் மாறும்போது, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஸ்டெல்லாவிடம், "ஏழாம் பெட்டுக்கு இப்போ எதுவும் வேணாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆபரேஷன் இருப்பதால் சாப்பாடு வேண்டாம் என்ற நினைப்பில் சொன்னேன். அவள் மருந்து வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டை யாரும் நிறுத்தாததால் அந்தப் பெட்டில் இருந்த பெரியவர் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டார். ஆபரேஷன் வியாழனுக்குத் தள்ளிப்போனது. லீவு போட்டு வந்திருந்த அவர் மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஸ்டெல்லாவைத் திட்டினார். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன்.

பிறகு மருந்து அறையில், "சந்தேகம்னா கேக்க வேண்டியதுதானேம்மா?" என்றேன்.

"போன வாரம் கேட்டேன், சிஸ்டர். காது கேக்காதான்னு எல்லார் முன்னாடியும் கத்துனீங்க. அதான் பயந்துட்டேன்."

அப்படிக் கத்தியது எனக்கு நினைவில்லை.

மாலையில் டாக்டர் அறைக்குப் போனேன். "தப்பு என்னுதுதான் சார். சாப்பாடுன்னு நான் தெளிவா சொல்லல."

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மகளிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டெல்லாவைத் தேடியபோது அவள் ரெட்டியார்பாளையம் பஸ் ஏறியிருந்தாள். போனில் மன்னிப்புக் கேட்க மனம் ஒப்பவில்லை. நாளைக் காலை எல்லோரும் நிற்கும்போது கேட்க வேண்டும். இருபது வருட சர்வீஸில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.